ஊமைப்படத்தில் ஒரு பாடகி: டி.பி.ராஜலட்சுமியின் தொடக்க ஆண்டுகள்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தினோம். தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி யார் என்று கேட்டதும், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை சட்டென்று டி.பி.ராஜலட்சுமி என்றாள். கைதட்டல், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு, எல்லாம் ஆச்சு. மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருக்காமல், "அந்தம்மா வேறே என்ன செஞ்சாங்க கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை முழித்தது. பிள்ளையின் அப்பாவும் முழித்தார். கேள்வித்தாள் எழுதிய ஆசிரியர் என்னைப் பார்த்து, "நயினாரே, அதெல்லாம் சிலபஸ்ல இல்லே" என்றார். சபை சிரித்தது.

சிரிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. 'முதல்' என்ற பட்டத்தைக் கட்டிவிட்டு ஒருத்தியின் வேலையை மறந்துவிடுவது நம்மிடம் உள்ள பழைய வழக்கம். கடையில் முதல் போணி செய்தவரின் முகம் நினைவில் இருக்கும், அவர் என்ன வாங்கினார் என்பது மறந்துபோகும், அதுபோல. அதனால் ராஜலட்சுமி அம்மையாரின் கலை வாழ்க்கையில், யாரும் அதிகம் நின்று பார்க்காத ஊமைப்பட ஆண்டுகளை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். கடையைச் சாத்திய பிறகு படிக்கிறவன். பிழை கண்டால் பெரியோர் திருத்திக்கொள்க.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு சொல். மார்டள்ளி இன்று கர்நாடகத்தில் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997 வரை மைசூர் மாவட்டம். 1956-க்கு முன்போ கொள்ளேகால் தாலுகாவே சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே ஊமைப்படக் காலத்தில் நம் முன்னோர் 'வெளிமாநிலத் தமிழர்' அல்லர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தென்னாட்டு சினிமாவின் முதல் அத்தியாயம் அதே கோயமுத்தூரில்தான் எழுதப்பட்டது. ரயில்வேயில் படவரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அவர் காட்டியவற்றில் முக்கியமானது ஏசுநாதர் சரித்திரப் படம். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகுந்த நம் ஊரில் இந்தச் செய்தியைச் சொன்னால் பெரியவர்கள் கண் மலர்கிறது. இந்த வின்சென்ட் பின்னால் ராஜலட்சுமியின் கதையிலும் வருவார்.

ஊமைப்படம் என்றால் என்ன என்று இக்காலப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். படத்துக்கு ஒலி கிடையாது. இடையிடையே எழுத்து அட்டைகள் வரும், ஆங்கிலத்திலும் தமிழிலும் இன்னும் சில மொழியிலும். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, அட்டையைப் படித்து, கதையை விளக்கி, சில சமயம் தன் சரக்கையும் சேர்த்துச் சொல்வார். ஆர்மோனியம் தபலா ஒரு பக்கம் முழங்கும். என் பாட்டனார் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கூடாரத்தில் இப்படி ஒரு படம் பார்த்தவர். எங்கள் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்கு முன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனாராம். படத்தைவிட விளக்கம் சொன்ன ஆளின் குரல்தான் அவருக்குக் கடைசிவரை நினைவிருந்தது. எனக்கு ஒன்று தோன்றும். இன்று நம் பேரப்பிள்ளைகள் தமிழ்ப்படம் பார்க்கிறார்கள், வசனம் புரிகிறது. ஆனால் கன்னடப் பள்ளியில் படிப்பதால் திரையில் வரும் தமிழ் எழுத்து அவர்களுக்கு வெறும் கோடு. "தாத்தா, என்ன போட்டிருக்கான்?" என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து விளக்கக்காரர் வேலையை நாங்கள் இப்போது வீட்டில் பார்க்கிறோம்!

இனி விஷயத்துக்கு வருவோம்.

ராஜலட்சுமி 1911-இல் திருவையாற்றில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். பால்ய மணம் நடந்து, அது நிலைக்காமல் தாய்வீடு திரும்பினார். தந்தையும் மறைந்தபின் பிழைப்புக்காகத் தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். அங்கே சாமிக்கண்ணு முதலியார் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். (இவர் வேறு, வின்சென்ட் வேறு.) ஒரு பிராமணப் பெண் அரிதாரம் பூசுவது அந்நாளில் சின்ன விஷயமல்ல. ஊரும் உறவும் ஒதுக்கிவைக்கும். அந்த ஒதுக்கலைத் தாங்கிக்கொண்டுதான் அவர் பாடினார்.

'பாடினார்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அன்றைய நாடகம் கண்ணுக்கு விருந்து என்பதைவிடக் காதுக்கு விருந்து. ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கு நடிகையின் முகம் தெரியாது, அவள் குரல்தான் தெரியும். எட்டுக்கட்டைக் குரல் என்று சொல்வார்களே, அதுதான் மூலதனம். அப்படிப்பட்ட மூலதனத்தோடு வந்த ஒரு பெண்ணை 1929-இல் 'கோவலன்' என்ற ஊமைப்படத்தில் நிறுத்தினார்கள். தொடர்ந்து 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி' என்று மேலும் ஊமைப்படங்கள். ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் இது பட்டு நெசவாளியைக் கூட்டிவந்து கோணி தைக்கச் சொன்னதுபோல.

பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். சில ஊமைப்படங்களில் நடித்தபின் 'காளிதாஸ்' மூலம் புகழ்பெற்றார் என்று முடித்துவிடுவார்கள். நான் இதை ஒப்பவில்லை. அந்த ஊமை ஆண்டுகள்தான் அவரைப் பின்னாளில் இயக்குநர் ஆக்கின என்பது என் துணிபு. காரணம் சொல்கிறேன்.

நாடகக்காரிக்குத் தெரிந்தது தூரத்து மனிதன். கையை அகல விரித்து, கண்ணை உருட்டி, உடம்பால் பெரிதாகப் பேசவேண்டும். காமிரா இதற்கு நேர்மாறு. அது மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது. இமை அசைந்தால் போதும். குரலை எடுத்துவிட்டபின் நடிகைக்கு மிச்சம் இருப்பது முகமும் நடையும் நிற்கும் இடமும். எந்த வெளிச்சத்தில் நிற்பது, ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் பாட்டு இருந்தால் கவனிக்கத் தோன்றாது, பாட்டே தூக்கிக்கொண்டு போய்விடும். பாட்டு இல்லாதபோது கண்டிப்பாகக் கற்கவேண்டியிருக்கும். பதினெட்டு இருபது வயதில், சினிமா என்பது காட்சிக் கலை என்ற பாடத்தை அவர் வாயை மூடிக்கொண்டு கற்றார். 'ராஜேஸ்வரி' எடுத்த அசோசியேட்டட் பிலிம்ஸ் கம்பெனியில் அன்று முக்கியமான டைரக்டர் புதுக்கோட்டைக்காரர் ராஜா சாண்டோ. பம்பாயில் தொழில் கற்று, புராணத்தை விட்டுச் சமூகக் கதைகளைப் பிடித்தவர். ராஜலட்சுமி பின்னால் எடுத்துக்கொண்ட சமூகக் கதைப் போக்குக்கு வேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பம்பாயில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். அங்கே ஊமைப்பட ராணி சுலோசனா. இயற்பெயர் ரூபி மையர்ஸ், யூதப் பெண், டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தவர். முகம் இருந்தது, புகழ் இருந்தது. பேசும்படம் வந்ததும் இந்துஸ்தானி சரியாக வராததால் ஒதுங்கி நின்று மொழியைக் கற்றுக்கொண்டு திரும்பவேண்டியிருந்தது. ராஜலட்சுமிக்கு நடந்தது தலைகீழ். குரலோடு வந்து, குரலைப் பூட்டிவைத்து, 1931-இல் பூட்டைத் திறந்தார். 'ஆலம் ஆரா' அந்த ஆண்டு மார்ச் 14-இல் வெளிவந்தது. அதே இம்பீரியல் கம்பெனி, அர்தேஷிர் இரானி தயாரிப்பில், எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் எடுத்த 'காளிதாஸ்' அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் திரையானது.

அந்தக் 'காளிதாஸ்' பற்றியும் உள்ளதைச் சொல்லவேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். காளிதாசன் கதைக்கும் காந்தியின் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் ராட்டினத்தைப் பற்றிய மதுரை பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டும் படத்தில் உண்டு. தியாகராசர் கீர்த்தனமும் உண்டு. கதை ஒரு பக்கம், கச்சேரி ஒரு பக்கம். கலை என்று பார்த்தால் இது ஒரு கதம்பம். சொல்லப்போனால், ஊமைப்படம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கஷ்டப்பட்டுக் கற்ற காட்சிமொழியை ஒலி வந்த ஒரே இரவில் நம்மவர்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். காமிராவை ஓரிடத்தில் நட்டு, நாடகத்தை அப்படியே பிடித்தார்கள். மக்கள் கேட்டது பாட்டு, பாட்டைக் கொடுத்தார்கள். வியாபாரத்தில் தப்பில்லை. ஆனால் நஷ்டக் கணக்கையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

இந்த நஷ்டத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு பங்கு உண்டு. அது 'கோவலன்' பற்றியது.

சிலப்பதிகாரம் சமண வாசனை நிறைந்த காப்பியம் என்பது அனைவரும் அறிந்தது. உ.வே.சாமிநாதையர் 1892-இல் அதைப் பதிப்பித்தார். ஆனால் நாடக மேடைக்கும் அங்கிருந்து திரைக்கும் போன கோவலன், இளங்கோவின் கோவலன் அல்லன். அவன் நாட்டார் கதைப்பாடல் வழியாக வந்தவன். காப்பியத்தில் மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்துக் கூனியிடமிருந்து கோவலன் தானே விரும்பி வாங்கிக்கொண்டு போகிறான். அதாவது தப்பு அவனுடையது. கதைப்பாடலிலோ மாலை தானாக வந்து அவன் கழுத்தில் சிக்கிக்கொள்கிறது. மாதவி பொன்பறிக்கும் தாசியாகிறாள். பின்னாளில் துறவு பூண்ட மாதவியை அங்கே காணமுடியாது. ஆணின் குற்றத்தை எடுத்துப் பெண்ணின் தலையில் வைத்த கதை அது. மேடையில் அதற்குத்தான் கைதட்டல்.

இதைவிட எனக்கு வருத்தம், கவுந்தியடிகள் காணாமல் போனது. புகாரிலிருந்து மதுரை வரை கண்ணகிக்கும் கோவலனுக்கும் துணையாக நடந்துவந்த சமணப் பெண்துறவி. காலடியில் சிற்றுயிர் மிதிபடுமோ என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர். உறையூர்ச் சோலையில் கண்ணகியைப் பழித்த இரண்டு பேரை நரியாகப் போகச் சபித்தவரும் அவரே. (இத்தனை கோபம் ஒரு சமணத் துறவிக்கு ஆகுமா என்று எங்கள் வீட்டில் இன்றும் விவாதம் நடக்கும். பன்னிரண்டு மாதத்தில் சாபம் தீரும் என்று சொல்லிவிட்டதால் மன்னிக்கலாம் என்பது என் மனைவியின் தீர்ப்பு.) கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தவர்.

யோசித்துப் பாருங்கள். ஊமைப்படத்துக்கென்றே படைத்தது போன்ற பாத்திரம் இது. வசனம் வேண்டாம், பாட்டு வேண்டாம். தரையைப் பார்த்துக் காலெடுத்து வைக்கும் ஒரு கிழவி, பின்னால் பழக்கமில்லாத பாதங்களோடு ஒரு இளம்பெண், இவ்வளவே போதும், காமிரா மீதியைச் சொல்லிவிடும். குரல் இல்லாத அந்தக் கலை காப்பியத்துக்கு மிக அருகில் வந்து நின்ற நேரத்தில், எடுத்தவர்கள் கையில் இருந்ததோ மேடைக் கோவலன். ராஜலட்சுமியின் திரைவாழ்வு இந்தக் கதையிலிருந்து தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று ஆற்றாமை.

படத்தைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமே என்றால், சுருள் இல்லை. 'கோவலன்' இல்லை, 'ராஜேஸ்வரி' இல்லை, 'காளிதாஸ்' கூட இல்லை. சென்னையில் நூற்றுக்கு மேல் ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், வெக்கையில் உருகும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்று, சுருளைக் கரைத்து அதிலிருந்த வெள்ளியை எடுத்து விற்றவர்களும் உண்டு. பழைய பாத்திரத்தை எடை போட்டு வாங்குகிற வியாபாரம் எங்கள் சமூகத்தில் பலருக்கும் தொழில். குத்துவிளக்கு எடைக்கு வந்தால், அதில் எழுத்து வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உருக்கப் போடுவோம். சினிமாக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் வாய்க்கவில்லை.

தென்னாட்டு ஊமைப்படங்களில் நமக்கு மிஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா'. 1933-இல் நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ் தயாரிப்பில் பி.வி.ராவ் இயக்கியது. சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்ததால் பதிப்புரிமை வழக்கு வந்து, திரையிட்ட கையோடு நின்றுபோயிற்று. வழக்கில் சிக்கி முடங்கியதால்தான் சுருள் தப்பியது. 1974-இல் அதைக் கண்டெடுத்துப் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். இந்தப் பி.வி.ராவே அதே 1933-இல் 'வள்ளி திருமணம்' என்ற பேசும்படத்தை இயக்கினார். அதில் வள்ளி நம் ராஜலட்சுமி. தயாரிப்பில் இருந்தவர் நான் முன்னே சொன்ன கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். படம் நன்றாக ஓடிற்று. கூடாரத்தில் ஏசுநாதர் படம் காட்டியவர் முருகன் கல்யாணத்தைக் காட்டி லாபம் பார்த்தார்.

இதே நாகர்கோவிலை ஒட்டி இன்னொரு பெண்ணின் கதை உண்டு. நம் ஊர்க் குடும்பங்கள் அறியவேண்டியது. திருவனந்தபுரத்தில் ஜே.சி.டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான 'விகதகுமாரன்' ஊமைப்படம். ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். அதில் நாயகி பி.கே.ரோசி, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கிறிஸ்தவப் பெண், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். நாயர் வீட்டுப் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காமல் ஆதிக்க சாதியார் கலகம் செய்தார்கள். ரோசி ஊரை விட்டு ஓடி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, தமிழ்நாட்டுப் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் மறைந்து வாழ்ந்தார். ஒரே படம், அதோடு சரி.

இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி மேல்சாதியில் பிறந்து நடிக்க வந்ததால் ஒதுக்கப்பட்டாள். இன்னொருத்தி மேல்சாதிப் பெண்ணாக நடித்ததால் விரட்டப்பட்டாள். ஒதுக்கப்பட்டவளுக்கு நாடக மேடையும் குரலும் இருந்தன, மேலே வந்தாள். விரட்டப்பட்டவளுக்கு ஊமைப்படம் ஒன்றுதான், அதில் அவள் பேசவும் முடியவில்லை, அதன் சுருளும் இன்றில்லை. ராஜலட்சுமியைப் புகழும்போது ரோசியை மறந்தால் நம் புகழ்ச்சிக்கு எடை குறைவு என்று நினைக்கிறேன்.

ராஜலட்சுமி வள்ளியோடு நிற்கவில்லை. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலைக் கொண்டு 1936-இல் 'மிஸ் கமலா' எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு நான்கும் அவரே. தென்னாட்டில் படம் இயக்கிய முதல் பெண் அவர். வடக்கே பத்து ஆண்டுக்கு முன்பே, 1926-இல், ஃபாத்மா பேகம் 'புல்புல்-எ-பரிஸ்தான்' என்ற ஊமைப்படத்தை இயக்கிவிட்டார். அவர் மகள் ஜுபைதாதான் 'ஆலம் ஆரா' நாயகி. இருவருமே ஊமைப்படத்தில் நடித்துவிட்டு இயக்க வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாயை மூடி நின்ற பெண்கள் காமிராவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! என் துணிபுக்கு இது ஒரு சாட்சி.

'மிஸ் கமலா'வின் பொருளும் முக்கியம். பெண்ணின் விருப்பமும் அவளைக் கேளாமல் நடக்கும் திருமணமும் அதன் உள்ளடக்கம். பால்ய மணத்தில் சிக்கி மீண்டவர் எழுதியது. புராண நாயகியாக ஆடிப் பாடிப் பணம் சம்பாதித்தவர், அந்தப் பணத்தைப் புராணத்தில் போடாமல் தம் சொந்தக் கேள்வியில் போட்டார். வியாபாரியாக எனக்கு இது பிடித்த இடம், பயந்த இடமும்கூட. 1930-களின் இறுதியில் 'மதுரை வீரன்', 'இந்தியத் தாய்' என்று மேலும் எடுத்தார். கையிருப்பு கரைந்தது. முதல் எத்தனை, லாபம் எத்தனை என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். தென்னாட்டின் முதல் கதைப்படமான 'கீசகவதம்' எடுத்த நடராஜ முதலியாரும் மோட்டார் உதிரிபாக வியாபாரிதான். முப்பத்தைந்தாயிரம் போட்டு ஐம்பதாயிரம் பார்த்தார் என்பார்கள். அவரும் கடைசியில் தொழிலை விட்டு விலகினார். சினிமாவில் நிலைத்த லாபம் என்பது காவிரியில் போட்ட கோலம்.

ராஜலட்சுமி 1964-இல் காலமானார். திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதும் அதே 1964-இல்தான். அவருடைய ஊமைப்படம் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லை. அதே ஆண்டில் 'பூம்புகார்' வெளிவந்தது. கவுந்தியடிகள் திரையில் நடந்துவந்தார், கொடுமுடி கே.பி.சுந்தரம்பாள் உருவத்தில். நான் அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு டூரிங் டாக்கீஸில் பார்த்தேன். சுந்தரம்பாள் வாயைத் திறந்ததும் கொட்டகை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர், "இந்தம்மா பாட்டுக்கே காசு சரியாப் போச்சு நயினாரே" என்றார். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.